மொட்டை மாடியில் செடி வைத்தால் ஊர்க் காற்று சுத்தமாகுமா?

கிருஷ்ணகிரி, தருமபுரி வட்டாரத்தில் வீடு கட்டித் தரும் பொறியாளன் நான். வரைபடம் பேச வருகிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்பது இதுதான். நெடுஞ்சாலை ஓரம் வீடு, பக்கத்தில் ஜல்லி கிரஷர், ஜன்னலைத் திறந்தால் மாவு மாதிரி தூசி. மாடி முழுக்கப் பசுமையாக்கினால் தொல்லை தீருமா? செடி விற்க வருகிறவர்கள் தீரும் என்றுதான் சொல்கிறார்கள்.

சரி, கணக்குப் போட்டுப் பார்ப்போம். சிகாகோ நகரின் பசுமைக் கூரைகளைப் பற்றி 2008-ல் ஓர் ஆய்வு வெளியானது. 19.8 ஹெக்டேர் கூரைச் செடிகள் ஓராண்டில் 1,675 கிலோ மாசை எடுத்தன என்பது அதன் மதிப்பீடு. ஆயிரம் சதுர அடி மாடிக்கு வகுத்தால் வருடத்துக்கு 800 கிராம்கூட வராது. அதிலும் பாதிக்கு மேல் தூசி இல்லை, தரைமட்டக் காற்றில் மாசாக இருக்கும் ஓசோன் வாயு. தூசியின் பங்கு 14 சதவீதம், அதாவது நூறு கிராம் சொச்சம். அந்த ஊர்க் குளிர் வேறு, நம் வெயில் வேறு என்றாலும், கிரஷர் தூசிக்கு முன்னால் இது எம்மாத்திரம்?

நம் வெயிலுக்குத் தாங்கும் பிரண்டை, கற்றாழை போன்றவற்றில் இன்னொரு சங்கடம். தண்ணீரை மிச்சம் பிடிக்க அவை பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறக்கும். ஓசோனை இலை உள்ளே இழுப்பது அந்தத் துளைகள் வழியாகத்தான்; அது அதிகம் இருப்பதோ உச்சிவெயிலுக்குப் பிந்தைய நேரத்தில். தூசிதான் உங்கள் கவலை என்றால், சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே தரையில் நெருக்கமாக வேலியும் மரமும் வையுங்கள். மாடித் தோட்டத்தைவிட அது அதிகம் தடுக்கும், செலவும் குறைவு.

அப்போ மாடியில் செடியே வேண்டாமா? வேண்டும், சூட்டுக்காக. மே மாதத்தில் வெறும் கான்கிரீட் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு, இரவில் அதை அறைக்குள் இறக்கும். விளக்கு வைத்த பிறகும் மின்விசிறியிலிருந்து அனல்தான் வரும். செடியும் மண்ணும் மூடிய கூரையின் மேற்பரப்பு, சாதாரணக் கூரையைவிட 17 முதல் 22 டிகிரி செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்கிறது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை. ஏசி ஓடும் நேரம் குறைந்தால் அனல்மின் நிலையத்தில் எரியும் நிலக்கரியும் அந்த அளவுக்குக் குறையும். வாகனப் புகை வெயிலில் ஓசோனாக மாறுவது சூட்டில் வேகமெடுக்கும். ஊரே கொஞ்சம் குளிர்ந்தால் அதுவும் தணியும். காற்றுக்குக் கிடைக்கும் நன்மை பெரும்பாலும் இந்தச் சுற்றுவழியில்தான். அதற்கும் தெருவுக்கு ஒரு மாடி போதாது.

எனக்குப் பெரிய பயம் எடைதான். ஆட்கள் ஏறிப் புழங்கும் மாடிக்கு, தளத்தின் சொந்த எடை போன்ற நிலையான எடை போக, சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ பளு என்று வைத்து வடிவமைப்பது இந்தியத் தர விதி. நாலு அங்குலம் தோட்டத்து மண் நனைந்தால் அதுவே 180 கிலோவைத் தொடும். தேங்காய் நார்க் கழிவும் மண்புழு உரமும் கூடுதலாகச் சேர்த்த கலவை அதைவிடக் குறைவாக வரும். சந்தேகமாக இருந்தால் பத்து லிட்டர் வாளியில் கலவையை நிரப்பி, நன்றாக நனைத்து, வாளி எடையைக் கழித்து நிறுத்துப் பாருங்கள். அதைப் பத்தால் பெருக்கினால் நாலு அங்குலத்துக்கு ஒரு சதுர மீட்டர் எடை. பழைய வீடு என்றால் பொறியாளர் பார்க்காமல் ஒரு கூடை மண்கூட ஏற்றாதீர்கள். கொத்தனார் "தாங்கும் சார்" என்பார். அவரை நம்பிச் செய்கிற வேலை இல்லை இது.

மண் போடுவதற்கு முன் தளத்தில் இரண்டு மூன்று நாள் தண்ணீர் கட்டி, ஒழுகல் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வேர்த் தடுப்புத் தாளும் வடிகால் அடுக்கும் கட்டாயம். கைப்பிடிச் சுவரில் அரசங்கன்று முளைத்தால் அன்றைக்கே பிடுங்குங்கள்.

அப்புறம் தண்ணீர். மழைநீர் சேகரிப்பு 2003 முதல் இங்கே கட்டாயம். தருமபுரிப் பக்கம் பல கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். 2013-ல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதனால்தான். இப்படிப்பட்ட ஊரில் மாடியில் விழும் மழை அருமையான நீர். மாடி முழுக்க மண்ணைப் பரப்பினால் அதில் பெரும்பங்கை மண் குடித்துவிடும். மிச்சம் உரச் சத்தோடு பழுப்பாக இறங்கும். அதனால் மாடியை இரண்டாகப் பிரித்து, மேற்கு வெயில் தாக்கும் படுக்கையறைக்கு மேல் மட்டும் செடி வைக்கச் சொல்கிறேன். மற்ற பாதிக்கு வெள்ளைப் பூச்சு. அங்கே விழும் மழை தனிக் குழாயில் வடிகட்டி வழியாகச் சம்ப்புக்கு. செடிப் பகுதியின் வடிநீர் வேறு குழாயில் கீழே மரத்தடிக்கு.