ஐசோடோப்பில் கதிரியக்கம் எங்கே இருக்கிறது?

டைனோசர் பல்லில் இருந்த ‘கதிரியக்கத் தனிமங்களை’ ஆராய்ந்து அது என்ன தின்றது என்று கண்டுபிடித்தார்களாம். தாவரந்தின்னி டைனோசர்களைப் பற்றிய செய்தி தமிழுக்கு வந்தாலே இந்தத் தொடரும் ஒட்டிக்கொண்டு வருகிறது. மூலத்தில் இருப்பது வெறும் ‘ஐசோடோப்பு’.

சொல்லின் கதை சின்னது. 1913இல் வேதியியலாளர் ஃபிரெடெரிக் சாடி இதை அச்சேற்றினார். எடுத்துக் கொடுத்தவர் மார்கரெட் டாட் என்ற மருத்துவர். கிரேக்கத்தில் ஐசோஸ் என்றால் சமம், டோபோஸ் என்றால் இடம். புரோட்டான் எண்ணிக்கை ஒன்றேயாகி நியூட்ரான் எண்ணிக்கை மாறும் அணுக்கள் இவை. எடை வேறானாலும் தனிம அட்டவணையில் ஒரே கட்டம். சாடி ஆராய்ந்தது கதிரியக்கப் பொருள்களை. குழப்பத்தின் வேர் அதுவாக இருக்கலாம். ஆனால் சொல்லுக்குள் கதிரும் இல்லை, இயக்கமும் இல்லை.

போனால் போகட்டும் என்று விட முடியாத பிழை இது. ‘கதிரியக்கம்’ என்றதும் படிப்பவர் மனத்தில் பழம்பொருள்களின் வயதைக் கணிக்க உதவும் கார்பன்-14தான் வரும். அதன் அரை ஆயுள், அதாவது பாதி சிதைந்துபோக ஆகும் காலம், ஏறத்தாழ 5,730 ஆண்டு; 50,000 ஆண்டு கடந்தால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. பறவைகள் நீங்கலான டைனோசர்கள் அழிந்தே 6.6 கோடி ஆண்டாகிறது. கூர்மையான மாணவர் ஒருவர் “அப்புறம் எதை அளந்தார்கள்?” என்று கேட்டால் அந்தச் செய்தியில் விடை கிடைக்காது.

அளந்தது சிதையாத ஐசோடோப்புகளை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கார்னகி குவாரி என்னும் இடத்தில் கிடைத்த, ஏறக்குறைய 15 கோடி ஆண்டுப் பழமையான டைனோசர் பற்களை டெக்சாஸ் பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2025இல் வெளியிட்டார்கள். பல்லின் எனாமலில் எடை குறைந்த கால்சியமும் கூடிய கால்சியமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்பதே கேள்வி. தின்னும் தாவரத்தையும் அதன் பாகத்தையும் பொறுத்து அந்த விகிதம் மாறும். கேமராசாரஸ் மரத்தன்மையுள்ள கடினமான பாகங்களையும், கேம்ப்டோசாரஸ் இலை, மொட்டு போன்ற மென்மையானவற்றையும் தின்றதாக முடிவுக்கு வந்தார்கள். எனாமல் எலும்பைவிட இறுக்கமானது. மண்ணுக்குள் கிடந்தாலும் எளிதில் மாறாது. அதற்குள் இருக்கும் அணுக்களும் சிதையக்கூடாது. சிதைந்திருந்தால் விகிதமே குலைந்து, பழைய உணவின் தடம் போயிருக்கும். ஆய்வு எதன்மேல் நிற்கிறதோ அதற்கு நேர் எதிரான சொல்லைப் போட்டுவிட்டு ‘எளிமைப்படுத்தினோம்’ என்கிறார்கள். எளிய தமிழ் என்பது பொருளைத் தொலைப்பதற்கு உரிமம் ஆகிவிட்டது. ‘ரசாயனம்’ என்றால் நஞ்சு, ‘கதிர்’ என்றால் ஆபத்து என்று எழுதிப் பழகிய கை அது.

சரியான தமிழ் எது? இலங்கைப் பாடநூல்களில் ‘சமதானி’. கிரேக்க அமைப்பை அப்படியே பின்பற்றும் சொல்தான். ஆனால் ‘தானி’யில் கொடை என்னும் தானத்தைத் தேடும் காதுக்கு இடம் தெரியாது. ‘ஓரிடத்தான்’ எனக்குப் பிடித்தது. ஆள் பெயர் மாதிரி இருக்கிறதே என்று சிரிக்கிறார்கள். அழிப்பானும் கரப்பானும் ஆள்களா? கார்பன்-14ஐச் சொல்லும்போது ‘கதிரியக்க ஓரிடத்தான்’, பல்லின் கால்சியத்துக்கு ‘நிலைத்த ஓரிடத்தான்’. இரண்டையும் பிரித்துச் சொல்ல முடிகிறது. பன்மையில் ‘ஓரிடத்தான்கள்’ கொஞ்சம் இடறும், மறுக்கவில்லை. இடறல் பிடிக்காதவர்கள் ‘ஐசோடோப்பு’ என்றே எழுதட்டும்; பாடநூலில் படித்த பிள்ளைகளுக்கு அது புரியும்.