டெபியன் 13-க்கு மாறும்போது கையொப்பச் சரிபார்ப்பை அணைத்துவிடாதீர்கள்

2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13 என்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு வழங்கிகளை (சர்வர்களை) மாற்றும்போது, அதனுடன் வரும் பொதி நிறுவும் கருவியான ஆப்ட் 3.0 சில களஞ்சியங்களை, அதாவது மென்பொருள் பொதிகளைத் தரும் தளங்களை, கையொப்பம் சரியில்லை என்று ஏற்க மறுப்பது பலருக்கும் தலைவலியாகிறது. டெபியனின் சொந்தக் களஞ்சியங்களில் இச்சிக்கல் பொதுவாக எழுவதில்லை. தரவுத்தளத்துக்காகவோ கண்காணிப்பு மென்பொருளுக்காகவோ என்றோ சேர்த்துவிட்டு மறந்துபோன வெளிக் களஞ்சியங்கள்தாம் தடைபடுகின்றன. அவசரத்தில் இருக்கும் நிர்வாகி அந்தக் களஞ்சிய வரியில் 'டிரஸ்டட்=யெஸ்' (கையொப்பம் பாராமலே நம்பு) என்று சேர்த்துவிட்டு மேலே போகிறார். மேம்படுத்தல் முடிந்த பிறகு அந்த வரியை நீக்குபவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

அந்த ஒரு சொல் எதை அணைக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும். டெபியன் களஞ்சியங்களில் ஒவ்வொரு பொதிக்கும் தனித்தனிக் கையொப்பம் இடும் வழக்கமில்லை. கையொப்பம் இருப்பது 'இன்ரிலீஸ்' என்ற கோப்பில். அதில் பொதிப் பட்டியல்களின் ஹாஷ் மதிப்புகளும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்கள்), அப்பட்டியல்களுக்குள் ஒவ்வொரு பொதியின் ஹாஷ் மதிப்பும் இருக்கின்றன. இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியான கையொப்பத்தை விட்டுவிட்டால் மற்ற ஹாஷ்களைச் சரிபார்ப்பதில் பொருளில்லை, ஏனெனில் பொதியை மாற்ற முடிந்தவரால் பட்டியலையும் மாற்ற முடியும். எச்டிடிபிஎஸ் என்ற மறையாக்க இணைப்பு இருக்கிறதே என்பதும் போதாது. அது வழியைக் காக்குமே தவிர, மறுமுனையில் உள்ள வழங்கியே ஊடுருவப்பட்டால் உதவாது. நிறுவலோ ரூட் என்ற முழு அதிகாரத்தில் நடக்கிறது.

கையொப்பத்தைச் சரிபார்க்க உதவும் சாவியைச் சேர்க்கப் பழைய நிறுவல் குறிப்புகள் அழைக்கும் 'ஆப்ட்-கீ' கட்டளை டெபியன் 13-இல் இல்லை. அதன் வழியே சேர்த்த சாவி எல்லாக் களஞ்சியங்களுக்கும் செல்லுபடியானது; கொல்லைக் கதவுக்கென்று கொடுத்த சாவி பீரோவையும் திறந்தது. இப்போது சாவிக் கோப்பை 'ஈடிசி/ஆப்ட்/கீரிங்ஸ்' அடைவில் வைத்து, அந்தந்தக் களஞ்சியத்தின் 'சைன்ட்-பை' புலத்தில் மட்டும் அதைக் குறிப்பிட வேண்டும். எழுத்து வடிவச் சாவிக்கு 'ஏஎஸ்சி', இருமச் சாவிக்கு 'ஜிபிஜி' என்ற பின்னொட்டு தேவை. கோப்பு ரூட்டுக்கு மட்டுமே படிக்கக்கூடியதாக இருந்தாலும் சரிபார்ப்பு தோற்கும், ஏனெனில் ஆப்ட் அந்த வேலையைக் குறைந்த அதிகாரமுள்ள வேறொரு பயனராகச் செய்கிறது. இந்த இரு சின்னக் காரணங்களைத் தேடிப் பார்க்காமலேயே சரிபார்ப்பை அணைத்தவர்கள் உண்டு. 'ஆப்ட் மாடர்னைஸ்-சோர்சஸ்' கட்டளை பழைய வரிகளைப் புதிய வடிவுக்கு மாற்றித் தரும். எந்தச் சாவியை எதற்கு இணைத்தது என்பதை மட்டும் கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இன்னொரு மாற்றம் நுட்பமானது. கையொப்பத்தைச் சரிபார்க்க ஆப்ட் இப்போது 'செகோயா' திட்டத்தின் கருவியைப் பயன்படுத்துகிறது. 2026 பிப்ரவரி 1 முதல் அது எஸ்எச்ஏ-1 என்ற பலவீனமான பழைய ஹாஷ் முறையிலான கையொப்பங்களை ஏற்பதில்லை. களஞ்சியத்தின் இன்றைய கோப்பு வலுவான ஹாஷில் கையொப்பமிடப்பட்டிருந்தாலும், சாவி தன்மேல் இட்டுக்கொண்ட கையொப்பம் எஸ்எச்ஏ-1-இல் இருந்தால் மறுக்கப்படும். களஞ்சிய உரிமையாளர் புதுப்பித்த சாவியைப் பெற்று, அதன் கைரேகையை (சாவியை அடையாளம் காட்டும் குறியீட்டை) வேறொரு வழியிலும் ஒப்பிட்ட பின்னரே பயன்படுத்துங்கள். அவர் புதுப்பிக்கவில்லை என்றால் அந்தக் களஞ்சியத்தில் 'எனேபிள்ட்: நோ' என்று இட்டு நிறுத்திவைப்பதே நான் பரிந்துரைப்பது.