யூனியனிஸ்ட்: ஒன்றியவாதி

யூனியனிஸ்ட் என்றதும் நமக்குத் தொழிற்சங்கக்காரர்தான் நினைவுக்கு வருவார். அமெரிக்க உள்நாட்டுப் போர் பற்றிப் படிக்கும்போது அந்தப் பொருளை ஒதுக்கிவிட வேண்டும். 1860-61ல் தென் மாநிலங்கள் அமெரிக்க ஒன்றியத்தை விட்டு விலகியபோது, அந்த விலகலை ஏற்க மறுத்தவர் யூனியனிஸ்ட். வடக்கே இருந்தவர்களுக்கும் இந்தப் பெயர் பொருந்தும். ஆனால் தெற்கில் வாழ்ந்துகொண்டே மறுத்தவர்களைச் சொல்லும்போதுதான் இதற்கு முழுக் கனம்.

லத்தீனில் 'ஊனுஸ்' என்றால் ஒன்று. அதிலிருந்து வந்த 'ஊனியோ' பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் யூனியன் ஆனது. 1787ல் எழுதிய அமெரிக்க அரசியல் சட்டத்தின் முகவுரையிலேயே அது இருக்கிறது. 1832ல், ஒன்றிய அரசின் சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று தென் கரோலினா அறிவித்தது. அப்போது அந்த மாநிலத்துக்குள்ளேயே எதிர்த்து நின்றவர்களுக்கும் இதே பெயர்தான்.

பிரிந்துபோன தென் மாநிலங்களில் ஒன்றான டெக்சாஸில் அன்று இந்தப் பெயரோடு வாழ்வது சாதாரண விஷயம் இல்லை. பிரிந்த தெற்குக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்த ஆளுநர் சாம் ஹூஸ்டன் 1861 மார்ச்சில் பதவியிழந்தார். ஒன்றியத்தின் பக்கம் நின்று, மெக்சிகோவை நோக்கித் தப்பிப் போன ஜெர்மானியக் குடியேறிகளைத் தென்படை 1862 ஆகஸ்டில் நூவேசஸ் ஆற்றங்கரையில் மடக்கிக் கொன்றது. கம்ஃபர்ட் என்ற சிற்றூரில் அவர்களுக்கு 1866ல் எழுப்பிய நினைவுத்தூண் இன்றும் நிற்கிறது. அதில் ஜெர்மன் மொழியில் பொறித்திருப்பது 'ஒன்றிய விசுவாசம்'.

அதே டெக்சாஸில்தான், பின்னாளில் வங்கி நடத்திய ஜார்ஜ் வாஷிங்டன் பிராக்கன்ரிட்ஜ் என்ற ஒன்றியவாதியும் இருந்தார். 1832ல் இண்டியானாவில் பிறந்து, 1850களில் குடும்பத்தோடு தெற்கே வந்தவர். சகோதரர்கள் தென்படையில் சேர்ந்தார்கள், இவர் சேரவில்லை. ஆனால் சும்மாவும் இருக்கவில்லை. துறைமுகங்களை வடக்கின் கப்பல்கள் முற்றுகையிட்டிருந்தன. டெக்சாஸ் பருத்தி மாட்டுவண்டிகளில் ரியோ கிராண்டே ஆற்றைக் கடந்து மெக்சிகோவின் மட்டமோரஸுக்குப் போய் அங்கிருந்து கப்பலேறியது. இந்த வியாபாரத்தில் இவரும் பணம் பார்த்தார். பிறகு டெக்சாஸை விட்டு வெளியேறி, ஒன்றியப் படையின் பிடியில் இருந்த நியூ ஆர்லியன்ஸில் ஒன்றிய அரசின் கருவூல முகவராக வேலை பார்த்தார். பருத்தியில் பணம் பார்த்ததை மறைத்து அவரை வெறும் கொள்கை வீரராக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. கொள்கையும் லாபமும் அவரிடம் சேர்ந்தே இருந்தன.

1866ல் டெக்சாஸின் சான் அன்டோனியோ நகரில் சான் அன்டோனியோ நேஷனல் பேங்க்கைத் தொடங்கினார். அந்த 'நேஷனல்' வெறும் அலங்காரம் அல்ல. லிங்கன் காலத்தில் வந்த வங்கிச் சட்டப்படி, ஒன்றிய அரசிடம் உரிமம் வாங்கி, அதன் கடன் பத்திரங்களை ஈடாக வைத்து நோட்டு வெளியிடும் வங்கி என்று பொருள். தெற்கின் பணம் வெறும் காகிதமாகிப் போயிருந்த நேரம் அது. அப்புறம் நகரின் குடிநீர் நிறுவனத்தையும் நடத்தினார். பூங்காவுக்கு நிலம் கொடுத்தார். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழுவில் கால் நூற்றாண்டுக்கும் மேல் இருந்தார். பெண்களின் படிப்புக்கும் கறுப்பின மாணவர்களின் படிப்புக்கும் பணம் கொடுத்தார். 1920ல் காலமானார்.

சரி, தமிழில் என்ன எழுதுவது? 'வடக்கு ஆதரவாளர்' என்றால் தெற்கத்திக்காரர் என்பதே மறைந்துபோகும். 'அடிமைமுறை எதிர்ப்பாளர்' என்பது நிச்சயமாகத் தவறு. அடிமைகளை வைத்துக்கொண்டே ஒன்றியம் உடையக் கூடாது என்றவர்கள் ஏராளம், ஹூஸ்டனே அப்படித்தான். 'கூட்டாட்சிவாதி' வேறொரு பழைய கட்சியைக் குறிக்கும். யூனியனுக்கு ஒன்றியம் என்ற சொல் தமிழில் ஏற்கெனவே நிலைத்துவிட்டது. ஆகவே 'ஒன்றியவாதி' போதும். முதல் முறை வரும்போது 'பிரிவினையை மறுத்த' என்று ஓர் அடைமொழி சேர்த்தால் குழப்பம் இருக்காது. வட அயர்லாந்து அரசியலிலும் யூனியனிஸ்ட் உண்டு. அங்கே அது பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்புகிறவரைக் குறிப்பதால், 'பிரிட்டன் இணைப்பாளர்' என்று எழுதுவதே தெளிவு.