பத்திரத்தில் ‘மாமூல் தடம்’ என்று இருந்தால் போதுமா?

‘மாமூல் தட பாத்தியம் உட்பட’, அதாவது வழக்கமாகப் போய்வரும் பாதையின் உரிமையும் சேர்த்து, என்ற ஒரே வரியை நம்பி, ரோட்டை ஒட்டாத மனையைப் பலர் வாங்கிவிடுகிறார்கள். அந்தத் தடம் பக்கத்து நிலத்துக்காரருடையது என்றால், விற்பவர் எழுதிய வரி அந்தப் பக்கத்துக்காரரைக் கட்டுப்படுத்தாது. விற்பவருக்கு ஏற்கெனவே உரிமை இருந்தால்தான் அது நிலத்தோடு சேர்ந்து உங்களுக்கு வரும். ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்த உரிமை விற்பவருக்கு எப்படி வந்தது என்பதே.

நம் நிலத்தை அனுபவிப்பதற்காக, நமக்குச் சொந்தமில்லாத நிலத்தின் மீது இருக்கும் உரிமையை 1882-ஆம் ஆண்டு இந்திய வசதியுரிமைச் சட்டம் வரையறுக்கிறது. இதன் பெயர் வசதியுரிமை, பேச்சில் ஈஸ்மெண்ட். நடைபாதை, வண்டித்தடம், வாய்க்கால், சாக்கடை, வெளிச்சம், காற்று எல்லாம் இதில் அடங்கும்.

இந்த உரிமை பத்திரத்தில் எழுதிக்கொடுத்தும் வரலாம், அவசியத்தாலும் வரலாம், நீண்ட கால அனுபவத்தாலும் வரலாம். அவசியத்தால் வரும் வழியைத்தான் அதிகம் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். இரண்டு நிலமும் ஒரு காலத்தில் ஒருவர் கையில் இருந்து பிரிந்திருக்க வேண்டும். அந்த வழி இல்லாமல் நிலத்துக்குள் போகவே முடியாது என்ற நிலையும் வேண்டும். சுற்றிப் போக வேறு வழி இருந்தால், தூரம் அதிகம் என்பது காரணமாகாது. பின்னால் மாற்றுப் பாதை கிடைத்தால் இந்த உரிமை முடிந்துபோகும். பத்திரத்தில் எழுதிக்கொடுத்த வழி அப்படி முடியாது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

நீண்ட கால அனுபவத்தால் வரும் உரிமைக்கு 20 ஆண்டு வேண்டும். அரசு நிலம் என்றால் 30. வெளிப்படையாக, சண்டையின்றி, இடைவிடாமல், உரிமையாகவே நடந்திருக்க வேண்டும். ‘இந்த வழியா போய்க்கிறேனுங்க’ என்று கேட்டு, நிலத்துக்காரரும் சரி என்று விட்டிருந்தால் அது வெறும் அனுமதி. நாற்பது ஆண்டு நடந்தாலும் உரிமையாக மாறாது.

வழியை அடைத்த பிறகு பேச்சுவார்த்தையிலேயே நாளைக் கடத்துவதும் ஆபத்து. அந்த 20 ஆண்டு அனுபவம், வழக்குப் போடும் நாளுக்கு முந்தைய 2 ஆண்டுக்குள் வந்து முடிந்திருக்க வேண்டும். அதைத் தாண்டினால் நல்ல வழக்கும் விழுந்துவிடும். வழக்குரையில் ‘தடம் எனக்கே சொந்தம்’ என்று ஒரு பத்தியிலும் ‘வசதியுரிமை உண்டு’ என்று அடுத்த பத்தியிலும் எழுதுவது இன்னொரு பிழை. தன் மண்ணிலேயே ஒருவருக்கு வசதியுரிமை இருக்க முடியாது.

அனுபவத்தால் வந்த உரிமை வில்லங்கச் சான்றில் தெரியாது. அதனால் வாங்குமுன் புலப்படத்தை (நிலத்தின் சர்வே வரைபடம்) கையில் வைத்துக்கொண்டு தடத்தை நடந்து பாருங்கள், பக்கத்துக்காரரிடம் பேசுங்கள். முடிந்தால் அவரிடமே வழி உரிமைப் பத்திரம் எழுதி வாங்கிப் பதிவு செய்யுங்கள். அவருடைய நிலம் கூட்டுச் சொத்து என்றால் பங்காளிகள் எல்லோரும் கையெழுத்திட வேண்டும். பத்திரத்தில் சர்வே எண், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, நீளம், அகலம் எத்தனை அடி என்பதெல்லாம் வரட்டும், வரைபடமும் இணையட்டும். நடக்க மட்டுமா, லாரியும் போகலாமா, மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாயும் மின் கேபிளும் பதிக்கலாமா என்பதைத் தனித்தனியாக எழுதுங்கள். நடக்கக் கொடுத்த வழியில் லாரி ஓட்ட உரிமை தானாக வராது. வீடு கட்டத் தொடங்கும் நாளில்தான் பலருக்கு இது தெரியவருகிறது.