வெண்குஷ்டம் அல்ல, வெண்புள்ளி

தோலில் பால்வெள்ளையாகத் திட்டு விழுவதைப் பலரும் இன்னும் 'வெண்குஷ்டம்' என்றே சொல்கிறார்கள். நோயைவிட இந்தப் பெயர்தான் பலருடைய கல்யாணப் பேச்சைக் கெடுத்திருக்கிறது.

'குஷ்டம்' வடமொழிச் சொல். தமிழில் 'குட்டம்' என்றும் வழங்கும். ஆயுர்வேத நூல்களில் அது ஒற்றை நோயின் பெயர் அன்று. படை, சொறி தொடங்கிப் பல தோல் நோய்களை 18 வகையாகப் பிரித்து அந்தத் தலைப்பின்கீழ் வைத்தார்கள். வெள்ளைத் திட்டுக்குச் 'சுவித்திரம்', 'கிலாசம்' என்று தனிப்பெயர்களே இருந்தன. கிலாசம் தோலோடு நின்றுவிடும், அதில் நீர் கசியாது என்று சுசுருத சங்கிதை வேறுபடுத்தியும் காட்டுகிறது. பிற்காலத்தில் குஷ்டம் என்றாலே தொழுநோய் என்று பொருள் சுருங்கிவிட்டது. 'வெண்குஷ்டம்' என்ற பெயர் மட்டும் மாறாமல் நின்றதால், கேட்பவருக்கு அது தொழுநோயின் ஒரு வகையாகவே படுகிறது.

தொழுநோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் அதைக் கண்டறிந்தார். வெண்புள்ளியில் கிருமியே கிடையாது. நிறமியை உண்டாக்கும் செல்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அழிப்பதால் தோல் வெளுக்கிறது. தொட்டாலும் சேர்ந்து சாப்பிட்டாலும் ஒட்டாது.

நேரில் பார்த்தாலே வேறுபாடு தெரியும். தொழுநோய்த் திட்டு மங்கலாகவோ சிவந்தோ இருக்கும், சுண்ணாம்பு வெள்ளையாக ஆகாது. தொடு உணர்வும் சூட்டை உணர்வதும் அங்கே குறைந்திருக்கும். வெண்புள்ளி நன்றாக வெளுத்து, ஓரம் தெளிவாகத் தெரியும். உணர்ச்சி அப்படியே இருக்கும். தேமலோடும் இதைக் குழப்பிக்கொள்கிறார்கள். தேமல் பூஞ்சையால் வருவது. நகத்தால் லேசாகச் சுரண்டினால் மாவுபோல் செதில் உதிரும். வெண்புள்ளியில் எதுவும் உதிராது. திட்டிலுள்ள முடியையும் பாருங்கள். முடி கறுப்பாக இருந்தால் சிகிச்சையில் நிறம் திரும்ப வாய்ப்பு அதிகம், ஏனென்றால் புதிய நிறமிச் செல்கள் முடிக்காலிலிருந்துதான் பரவுகின்றன. முடியும் நரைத்துவிட்டால் கடினம்.

ஆங்கில மருத்துவத்தில் இரண்டு சொற்கள் புழங்குகின்றன. 'விட்டிலிகோ' லத்தீன் சொல். வெண்புள்ளி நோயைக் குறிப்பது. 'லூக்கோடெர்மா' கிரேக்கத்திலிருந்து வந்தது, 'வெண்தோல்' என்று பொருள். தீக்காயம் ஆறி வெளுத்தாலும் அது லூக்கோடெர்மாதான்.

தமிழில் 'வெண்படை' என்றும் சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை, படை என்றதும் ஒட்டிக்கொள்ளும் நோய் என்ற நினைப்பு வந்துவிடும். 'வெண்புள்ளி' கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்கிறது, அச்சம் எதையும் ஏற்றவில்லை. திட்டு பெரிதாக இருக்கும்போது புள்ளி என்பது முழுக்கப் பொருந்தாதுதான். ஆனாலும் இதைவிட நல்ல சொல் இல்லை. தமிழக அரசும் இந்தப் பெயரையே ஏற்றிருக்கிறது. லூக்கோடெர்மாவைப் பொதுவாகச் சொல்ல 'தோல் வெளுப்பு' போதும்.

'தோல் வெளுப்பு' என்ற சொல் அன்றாடம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஸ்டிக்கர் பொட்டு வைக்கும் இடத்தில் மட்டும் நெற்றி வட்டமாக வெளுத்தால், அதன் பசையிலுள்ள பாரா டெர்ஷியரி பியூட்டைல் பீனால் என்ற வேதிப்பொருள் காரணமாக இருக்கலாம். ரப்பர் செருப்பு வார் படும் இடத்திலும் இப்படி நேர்வதுண்டு. இதை வெண்புள்ளி என்று எழுதிவிட்டால் காரணம் மறைந்துபோகும். 'பொட்டினால் வந்த தோல் வெளுப்பு' என்று எழுதினால், முதலில் பொட்டை நிறுத்த வேண்டும் என்பது படிப்பவருக்கு உடனே விளங்கும்.