திறந்த சுருதி: பூட்டி வைத்தது யார்?

கிட்டார் பழகுவோருக்கான மொழிபெயர்ப்பு நூல் ஒன்றின் மெய்ப்பு சென்ற மாதம் என்னிடம் திருத்தத்திற்கு வந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘ஓப்பன் டியூனிங்’ என்பது ‘திறந்த சுருதி’ ஆகியிருந்தது. பென்சிலால் ஒரு சுழி போட்டுவிட்டு நகர்ந்தேன். ஐந்தாம் பக்கத்தில் மறுபடியும் அதே சொல். பத்தாம் பக்கத்தில் ‘மாற்றுத் திறந்த சுருதி’. அதற்குமேல் சுழி போடுவதை விட்டுவிட்டு எண்ணத் தொடங்கினேன். மொத்தம் 37 தடவை. வீணைக்குப் பேர்போன காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இதைப் பார்த்தும் பாராமல் அனுப்ப எனக்கு மனம் வரவில்லை.

சொல்லின் பிறப்பை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். ‘டியூன்’ என்பது ‘டோன்’ என்பதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் மூலம் ‘டோனோஸ்’ என்ற கிரேக்கச் சொல். இழுத்துக் கட்டிய விறைப்பு, அதிலிருந்து எழும் ஒலி என்று பொருள். கனத்த ஆண்குரலைக் குறிக்கும் ‘பாரிடோன்’ என்பதிலும் அதே டோனோஸ்தான். முன்னால் நிற்கும் பகுதிக்குக் கனத்தது என்று பொருள். ‘ஓப்பன்’ என்பது வாசிப்பவர்களின் வழக்கு. இடக்கை விரல் அழுத்தாத தந்தி ஓப்பன் தந்தி. ஆக, ஓப்பன் டியூனிங் என்றால், எந்த மெட்டிலும் (தந்தியை அழுத்தக் கழுத்தில் பதித்த குறுக்குக் கம்பியிலும்) விரல் வைக்காமல் ஆறு தந்திகளையும் ஒருசேர மீட்டினாலே ஓர் இணக்கமான ஒலி எழும்படி அவற்றை முறுக்கி வைப்பது.

இதில் திறப்பதற்கு என்ன இருக்கிறது? எங்கள் ஊர்ப் பக்கம் தேக்குக் கதவு திறக்கும், பெட்டகம் திறக்கும், பங்காளிகள் ஒத்துக்கொண்டால் பூட்டிக் கிடக்கும் வீடுகூடத் திறக்கும். தந்தி திறக்காது. ஒன்றின்மேல் ஒன்றும் இல்லாத நிலைக்குத் தமிழில் சொல் இல்லாமலா போயிற்று? வெறுங்கால், வெறுங்கை, வெறுந்தரை, வெறுஞ்சோறு. ஆத்தங்குடிக் கல் பதித்த வளவில் வெறுங்காலோடு நடக்கிறோம். திறந்த காலோடு நடந்தவரை நான் பார்த்ததில்லை. விரல் படாத தந்தி வெறுந்தந்தி. வீணை கற்கும் சிறுமிக்குச் சொன்னால்கூட உடனே புரியும்.

‘திறந்த’ என்பதாவது அசட்டுத்தனம். ‘சுருதி’ தவறான தகவல். எனக்குக் கோபம் அதில்தான். நம் வழக்கில் சுருதி என்பது ஆதார சட்ஜம், அதாவது அடிப்படையான ‘ச’, எங்கே நிற்கிறது என்பது. ஒரு கட்டை, நாலு கட்டை, ஐந்து கட்டை என்கிறோமே, அது. ஒருவர் சுருதியை மாற்றினார் என்றால் சட்ஜத்தை மேலேயோ கீழேயோ நகர்த்தினார் என்றே தமிழ் வாசகர் எடுத்துக்கொள்வார். ஓப்பன் டியூனிங்கில் நடப்பது வேறு. அங்கே தந்திகளுக்கு இடையிலான உறவு மாறுகிறது. சுருதி அப்படியே இருக்க உறவு மட்டும் மாறலாம்; உறவு அப்படியே இருக்கச் சுருதி மட்டும் இறங்கலாம்.

இந்த வேறுபாட்டை எனக்குக் கண்ணால் காட்டியவன் என் தம்பி மகன். விடுமுறைக்கு வந்தவன் ஒரு பாரிடோன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தான். சாதாரண கிட்டாரில் தந்தி ஒலிக்கும் நீளம் ஏறக்குறைய 25 அங்குலம். இதில் 27 அங்குலம். 30 அங்குலம் வரைகூட உண்டாம். தந்திகளும் தடிமன். நீளமும் தடிமனும் இருப்பதால்தான் கீழே இறக்கினாலும் தந்தி தொய்ந்து மெட்டில் அடித்துக்கொள்வதில்லை. மேற்கத்தியச் சுரப் பெயர்களில் சொன்னால், பெரும்பாலும் ‘பி’ முதல் ‘பி’ வரை சேர்ப்பார்கள்: பி, ஈ, ஏ, டி, எஃப் ஷார்ப், பி. அதாவது வழக்கமான கிட்டாரின் ஆறு தந்திகளும் ஒரே அளவு இறங்கியிருக்கின்றன. சட்ஜத்திலிருந்து கீழ்ப் பஞ்சமத்துக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு. விரல் வைக்கும் முறை மாறவே இல்லை. இதைச் சுருதி இறக்கம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

பிறகு அவன் ஆறாம் தந்தி, இரண்டாம் தந்தி, முதல் தந்தி ஆகிய மூன்றையும் ஒவ்வொரு முழுச்சுரம் தளர்த்தினான். மூன்றாம் தந்தியை அரைச்சுரம் தளர்த்தினான். கனத்த தந்தியிலிருந்து வரிசையாக ஏ, ஈ, ஏ, சி ஷார்ப், ஈ, ஏ. “பெரியப்பச்சி, இப்போது கேளுங்கள்” என்று விரலே வைக்காமல் ஒரு வீச்சு வீசினான். ச, ப, ச, க, ப, ச. அந்தர காந்தாரம். பட்டாலைத் தூண் வரை அதிர்ந்தது. ஆனால் அந்தக் காந்தாரம் அவ்வளவு கீழே கொஞ்சம் கலங்கலாக இருந்தது. கனத்த தந்திகளில் நெருங்கிய சுரங்கள் சேர்ந்தால் அப்படித்தான். மூன்றாம் தந்தியைப் பழைய இடத்துக்கே ஏற்றச் சொன்னேன். ச, ப, ச, ம, ப, ச. கலங்கல் தெளிந்தது. மத்திமம் நிற்பதால் கண்டிப்பானவர்கள் இதை ஓப்பன் டியூனிங் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள், மாற்று டியூனிங் என்றுதான் சொல்வார்கள் என்றான். சரியான பேச்சு. ஓப்பன் எல்லாம் மாற்றில் அடக்கம். மாற்று எல்லாம் ஓப்பன் ஆகாது. நூலில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தார்கள்.

எனக்கு அந்த ஒலி புதிதாகவே தோன்றவில்லை. வீணையில் மெட்டின்மேல் ஓடும் நான்கு தந்திகள் சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம். ச, ப, ச, ப. பக்கத்துத் தாளத் தந்திகள் மூன்றும் ச, ப, ச. ஏழு தந்தியும் வெறுந்தந்தியாகவே இணங்கி நிற்பவை. காரைக்குடி சகோதரர்களில் மூத்தவர் சுப்பராமய்யர் வீணையை நிமிர்த்தி வைத்து வாசித்தார், இளையவர் சாம்பசிவய்யர் கிடத்தி வாசித்தார். எப்படி வைத்தாலும் தந்திகளின் உறவு அதுவேதான்.

இந்த உறவை அமைப்பதற்கு நம் கலைஞர்கள் வைத்திருக்கும் வினை ‘கூட்டுதல்’. சுருதி கூட்டினார், தம்புரா கூட்டினார் என்கிறோம். அதிலிருந்து ‘கூட்டு’ என்று பெயர் எடுத்தால் எல்லாம் வரிசையாக வந்து நிற்கும். வழக்கக் கூட்டு, மாற்றுக் கூட்டு, வெறுந்தந்திக் கூட்டு.

இதற்கு இரண்டு மறுப்புகள் வந்தன. தனித்தமிழ்ப் பற்றுள்ள நண்பர் ஒருவர் ‘பண்ணல்’ என்று போடச் சொன்னார். சிலப்பதிகாரக் கானல்வரியில் யாழ் மீட்டுவதன் எட்டுச் செய்கைகளில் முதலாவது பண்ணல். பாடப்போகும் பண்ணுக்கு ஏற்ப நரம்புகளை நிறுத்துவது. பொருள் அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் இன்று ‘திறந்த பண்ணல்’ என்று எழுதினால் எதைத் திறந்து பண்ணினார்கள் என்று கேட்பார்கள். பழஞ்சொல் என்பதற்காக விளங்காத சொல்லைத் தலையில் வைத்துக்கொள்ள என்னால் முடியாது. அடுத்த மறுப்பு என் வீட்டு ஆச்சியுடையது. ‘வெறும்’ மங்கலமாக இல்லையாம். தாலியாகக் கழுத்துரு கட்டும் ஊரில் வெறுங்கழுத்து என்று யாராவது வாய்விட்டுச் சொல்வார்களா என்றாள். நியாயம்தான், இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் வெறுங்கையால் முழம் போடாதே என்று அவளே தினமும் சொல்கிறாள். அங்கே உறுத்தாத வெறுமை தந்தியில் மட்டும் ஏன் உறுத்த வேண்டும்? ‘கூட்டு’ சமையலறையை நினைவூட்டுகிறது என்பதையும் அவள்தான் சொன்னாள். அதை மறுக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அந்த மொழிபெயர்ப்பாளரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லாமல் ஆறாது. பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் கார்டு என்பதை ‘நாண்’ என்று எழுதியிருந்தார். வடிவியலில் வட்டத்தின் குறுக்கே ஓடும் கோடு நாண். இசையில் வரும் கார்டுக்கு மூலம் இணக்கம் என்று பொருள்படும் ‘அக்கார்டு’. கயிற்றைக் குறிக்கும் லத்தீன் சொல்லோடு குழப்பிக்கொண்டு எழுத்தை மாற்றியவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்கள் குழப்பத்தை நாம் தமிழில் பெயர்த்து வைத்திருக்கிறோம். ‘இயைவு’ என்றால் போதாதா? நல்லவேளை, ஹவாய்த் தீவு கிட்டாரைப் பற்றி நூலில் ஒன்றும் இல்லை. தந்திகளைத் தளர்த்தி இப்படிக் கூட்டுவதற்கு அவர்கள் வைத்த பெயர் பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியை, தளர்த்து என்பதுபோல வரும். ‘ஸ்லாக் கீ’ என்ற ஆங்கில வழியாக வந்திருந்தால் ‘தளர்ந்த சாவி’ என்று அச்சாகியிருக்கும்.

பாரிடோன் கிட்டார் ‘ஆண்குரல் கிட்டார்’ ஆகியிருந்தது. பெண்குரல் கிட்டார் எங்கே என்று ஓரத்தில் எழுதினேன், பிறகு அழித்துவிட்டேன். ‘மந்தரக் கிட்டார்’ என்று மாற்றலாமா என்று எனக்கே ஓர் ஆசை இருந்தது. ஆனால் மந்தரம் என்றால் ஒரு தாயி (ஸ்தாயி) முழுதாக இறங்க வேண்டும். அது பேஸ் கிட்டாருக்குத்தான் பொருந்தும். கிட்டாரையே கிட்டார் என்று வைத்துக்கொண்டோம், பாரிடோனும் இருந்துவிட்டுப் போகட்டும்.

மெய்ப்பைத் திருப்பி அனுப்பினேன். 37 இடத்திலும் திருத்தம், கூடவே ஒன்றரைப் பக்கக் கடிதம். பதிப்பகத்திலிருந்து ஒற்றை வரியில் பதில் வந்தது: பக்க வடிவமைப்பு முடிந்துவிட்டதாம், எழுத்துப் பிழை மட்டும் பார்த்தால் போதுமாம்.