குளிர்காலத்து சூப்: வயிறு நிறைந்தால் மட்டும் போதாது

குளிர் மாதங்கள் தொடங்கியதும், உணவு ஆலோசனைக்காக என்னிடம் வரும் குடும்பங்களிடமிருந்து ஒரே வகையான பேச்சைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். வீட்டிலுள்ள முதியவருக்கோ, காய்ச்சலிலிருந்து மீண்டு வருபவருக்கோ பசி குறைந்துவிட்டது என்றும், இருந்தாலும் வேளை தவறாமல் சூடாக சூப் கொடுத்து வருவதால் கவலையில்லை என்றும் சொல்வார்கள். எடை பார்த்தால் குறைந்திருக்கும். அந்த சூப்பில் என்ன சேர்க்கிறீர்கள் என்று விசாரித்தால், இரண்டு மூன்று காய்களை வேகவைத்து வடித்த நீர், உப்பு, மிளகு என்று பதில் வரும். அக்கறையோடுதான் செய்து கொடுக்கிறார்கள்; ஆனால் ஒரு வேளைக்குரிய ஆற்றலும் புரதமும் அந்தக் கிண்ணத்தில் இல்லை.

நீர் உணவோடு சேர்ந்து வெந்து வரும்போது, அதே அளவு நீரைத் தனியாகக் குடிப்பதைவிட வயிறு நிறைந்த உணர்வை அதிகம் தருகிறது. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் உணவியல் ஆய்வாளர் பார்பரா ரோல்ஸும் அவருடைய சக ஆய்வாளரும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் சூப் அருந்தியவர்கள், அந்த சூப்பையும் கணக்கில் சேர்த்த பிறகும், அந்த வேளையில் சுமார் 20 சதவீதம் குறைவான ஆற்றலையே உட்கொண்டார்கள். எடையைக் குறைக்க வேண்டியவருக்கு இது நல்ல செய்தி. ஏற்கெனவே பசி மந்தப்பட்டு மெலிந்துகொண்டிருப்பவருக்கோ, இதே இயல்பு எதிராக வேலை செய்கிறது: தெளிந்த சூப் வயிற்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ள, அடுத்து வரும் தட்டு அப்படியே திரும்பிப் போகிறது. ஆகவே அப்படிப்பட்டவருக்கு சூப்பை உணவுக்கு முன்னோட்டமாகக் கொடுக்காமல், அதையே முழு உணவாகச் சமைத்துக் கொடுங்கள் என்பதுதான் நான் வலியுறுத்துவது.

முழு உணவாக நிற்கும் சூப்புக்குப் புரதம் தரும் ஒரு பொருள், ஒரு தானியமோ கிழங்கோ, காய்கள், சிறிது கொழுப்பு ஆகிய நான்கும் வேண்டும். ஒருவருக்கு 50 கிராம் உலர்ந்த பருப்பு என்று எடுத்துக்கொண்டால், அதிலேயே ஏறக்குறைய 12 கிராம் புரதம் கிடைத்துவிடும். கொதிக்கும் சூப்பில் ஒரு முட்டையை அடித்து ஊற்றி நன்றாக வேகவிட்டால் மேலும் 6 கிராம் சேரும். பருப்போடு பார்லி, அரிசி, ஓட்ஸ் போன்ற ஏதேனும் ஒரு தானியம் சேரும்போது, ஒன்றில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தை, அதாவது புரதத்தைக் கட்டும் அலகை, மற்றொன்று ஈடுசெய்கிறது. எண்ணெயைப் பற்றிய அச்சத்தை மெலிந்தவர்கள் விஷயத்தில் கொஞ்சம் தள்ளிவைக்க வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 120 கலோரி தருவதோடு, கேரட், பூசணி, தக்காளி ஆகியவற்றிலுள்ள கரோட்டினாய்டுகள் என்னும் நிறமிச் சத்துகளை உடல் ஏற்கவும் துணைபுரிகிறது. சூப் கெட்டியாக வேண்டும் என்பதற்காகச் சோளமாவைக் கரைத்து ஊற்றுவதைவிட, வெந்த பருப்பிலும் காயிலும் ஒரு பகுதியை மசித்து அதிலேயே கலந்துவிடுவது நல்லது. சோளமாவு தருவது பெரும்பாலும் மாவுச்சத்து மட்டுமே.

எலும்பு சூப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன்மேல் வைக்கப்படும் நம்பிக்கை மிகப் பெரியது. மணிக்கணக்கில் கொதிக்கும்போது எலும்பையும் மூட்டையும் சுற்றியுள்ள கொலாஜன் என்னும் புரதம் ஜெலட்டினாக மாறிக் கரைகிறது; ஆறியதும் சூப் கூழ்போல் உறைவது இதனால்தான். ஜெலட்டினும் புரதம்தான் என்றாலும், உடலுக்கு இன்றியமையாத டிரிப்டோஃபான் என்னும் அமினோ அமிலம் அதில் இல்லை. எனவே அதை மட்டும் நம்பித் தசையைக் காப்பாற்ற முடியாது. எலும்பிலுள்ள சுண்ணாம்புச்சத்து பாஸ்பேட்டோடு இறுகப் பிணைந்து படிகமாக இருப்பதால், நீரில் கரைந்து வருவது மிகச் சொற்பம். ஒரு கோப்பை எலும்புச் சாறு ஒரு கோப்பை பாலுக்கு ஈடாகாது. எலும்புச் சாறு சுவையான அடித்தளம் என்பதில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அதில் வெந்த இறைச்சியை வடிகட்டி ஒதுக்கிவிட்டு, நோயாளிக்குச் சாற்றை மட்டும் கொடுப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். ஒதுக்கப்படும் அந்த இறைச்சியில்தான் அவருக்குத் தேவையான புரதத்தின் பெரும்பகுதி இருக்கிறது. மெல்ல முடியாதவராக இருந்தால், அதை நன்றாக அரைத்து சூப்பிலேயே கலந்துவிடுங்கள்.

காய்களிலிருந்து நீரில் இறங்கும் பி வகை வைட்டமின்களும் தாதுக்களும் சூப்பில் வீணாவதில்லை, நீரையும் சேர்த்தே அருந்துகிறோம். வைட்டமின் சி சூட்டிலும் காற்றிலும் எளிதில் சிதையும் என்பதால், கீரையைக் கடைசிச் சில நிமிடங்களில் சேர்ப்பதும், அடுப்பிலிருந்து இறக்கிய பின் எலுமிச்சைச் சாறு பிழிவதும் பயன்தரும்.

ராஜ்மா சேர்க்கும் சூப்புக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அந்தப் பயற்றில் இயற்கையாகவே உள்ள ஃபைட்டோஹீமக்ளூட்டினின் என்னும் நச்சுப் பொருள், சரியாக வேகாதபோது சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தியையும் வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். வேகாத நான்கைந்து ராஜ்மா மணிகளே அதற்குப் போதும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, புதிய நீரில் 30 நிமிடமாவது தளதளவென்று கொதிக்கவிட்ட பிறகே மெல்லிய தீக்கு மாற்ற வேண்டும். குளிர்காலத்தில் பலரும் விரும்பும் ஸ்லோ குக்கரில் ஊறிய ராஜ்மாவை நேரடியாகப் போடுவது ஆபத்தானது. கொதிநிலையை எட்டாத மிதமான சூட்டில் அந்த நச்சு அழிவதில்லை. பச்சையாக இருந்ததைவிடக் கூடுதலாகவும் வெளிப்படலாம்.

உப்பைப் பொறுத்தவரை, வயதுவந்தவர் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. கடையில் விற்கும் சூப் கட்டிகள் பலவற்றில் எடையில் ஏறத்தாழ பாதி உப்புதான். அதைக் கரைத்த பிறகு பழக்கத்தில் மேலும் ஒரு சிட்டிகை போடும்போது, ஒரே வேளையில் அன்றைய வரம்பை நெருங்கிவிடுகிறோம். வெங்காயத்தையும் பூண்டையும் முதலில் பொறுமையாகச் சிவக்க வதக்குவதும், உலர்ந்த காளானைச் சேர்ப்பதும், இறுதியில் புளிப்பு சேர்ப்பதும் உப்பின் தேவையை வெகுவாகக் குறைக்கும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு உரிய பங்கை உப்பு போடுவதற்கு முன்பே தனியாக எடுத்துவிடுங்கள்.

சிலருக்கு நல்ல சூப்பே தீங்காகலாம் என்பதை நான் ஒவ்வொரு குளிர்காலத்திலும் விளக்க வேண்டியிருக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்துள்ள சிறுநீரக நோயாளிகளைக் காய்களை வேகவைத்து நீரைக் கொட்டிவிடச் சொல்கிறோம். சூப்பிலோ அந்த நீரே உணவாகிறது. அத்தகையோர் முதலில் வேகவைத்த நீரை நீக்கிவிட்டு, வேறு நீரில்தான் சூப் வைக்க வேண்டும். சாதாரண உப்புக்கு மாற்றாக விற்கப்படும் பொட்டாசியம் உப்பையும் அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இதயச் செயலிழப்புக்காக நீர் அளவு கட்டுப்படுத்தப்பட்டவர்கள், சூப்பையும் அந்த அளவுக்குள்தான் கணக்கிட வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்துக்கொள்பவர்கள் திடீரென்று தினமும் கீரை சூப் குடிக்கத் தொடங்கினால், கீரையின் வைட்டமின் கே மாத்திரையின் வேலையைக் குறைத்துவிடும்; உணவில் கீரையின் அளவு நாளுக்கு நாள் பெரிதாக மாறாமல் இருப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு. பக்கவாதத்துக்குப் பின் விழுங்கச் சிரமப்படுபவருக்கு, நீர்த்த சாற்றில் காய்த்துண்டுகள் மிதக்கும் சூப் மிகவும் ஆபத்தானது. துண்டை மென்றுகொண்டிருக்கும்போதே நீர் மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடக்கூடும். எந்த அளவு கெட்டியாக, கட்டியின்றி அரைக்க வேண்டும் என்பதை விழுங்கல் பயிற்சி தருபவரிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

சளிக்கு சூப் மருந்தா என்று கேட்பவர்களுக்கு, சூடான சூப் மூக்கடைப்புக்கும் தொண்டை வலிக்கும் இதமளிக்கும், தாகம் மந்தமாக இருக்கும் குளிர்நாளில் உடலுக்கு நீரும் சேர்க்கும் என்று சொல்வேன். நோயைக் குணப்படுத்தும் என்று சொல்ல மாட்டேன். கொதிக்கக் கொதிக்கக் குடிக்கும் பழக்கத்தையும் விட வேண்டும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில் பானங்களை அருந்துவது உணவுக்குழாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் வகைப்படுத்தியுள்ளது.

கடைசியாக, மீந்த சூப். குளிர்தானே என்று பாத்திரத்தை இரவு முழுவதும் அடுப்பின்மேலேயே விட்டுவைப்பவர்கள் பலர். வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும், மூடிய பெரிய பாத்திரத்தின் நடுவில் கெட்டியான சூப் பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். கொதிநிலையையும் தாங்கிப் பிழைக்கும் குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் கிருமியின் வித்துகள் அந்த வெதுவெதுப்பில்தான் முளைத்து, 43 முதல் 47 டிகிரி வரையிலான சூட்டில் மிக வேகமாகப் பெருகுகின்றன. எனவே சூப்பை ஆழமற்ற சிறு பாத்திரங்களில் பிரித்து, குளிர்ந்த நீரில் நிறுத்திக் கிளறி ஆறவிட்டு, சமைத்த 2 மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். அங்கே மூன்று நான்கு நாட்கள் இருக்கலாம். அப்போதைக்குத் தேவையான அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியும் கொதிக்கும்வரை சூடாக்குங்கள். அதைவிட நீண்ட நாட்களுக்கு என்றால் உறைநிலைப் பெட்டியில் 2, 3 மாதம் வரை வைக்கலாம்; ஆனால் பாலையும் நூடுல்ஸையும் அதில் சேர்க்காமல், மீண்டும் சூடாக்கும்போது சேர்த்துக்கொள்ளுங்கள். உறையும்போது சூப் விரிவடையும் என்பதால் டப்பாவை விளிம்புவரை நிரப்பாமல், மேலே சிறிது இடம் விட்டு மூடி, சமைத்த தேதியை எழுதி ஒட்டிவிடுங்கள்.